‘அடையாளம் தெரியாத பெண் பயணி’ நான்தான்

அனுப்புநர்:
ச. மரகதவல்லி, வயது 53,
எழுத்தர், பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம்,
இருப்பு: பாலாற்றுப் பாலம் தென்புறம், ஓரிக்கை வழி,
காஞ்சிபுரம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
காஞ்சிபுரம்.

பொருள்: தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் படிக்கும் மாணவர் இ. தனுஷ் 12.08.2025 அன்று நகரப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டது – அதற்குக் காரணமான பயணி நானே என்று தெரிவித்தல் – நடத்துநர் திரு. பரமசிவம் மீதான தற்காலிகப் பணிநீக்கத்தை விலக்கவும், மாணவருக்கு மறுதேர்வு கிடைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் 18.08.2025 அன்று திருமதி இ. சுகாசினி அளித்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். கடந்த ஆறு ஆண்டுகளாகப் பாலாற்றின் தென்கரையில், என் கணவர் திரு. சக்ரவர்த்தி ஓய்வு பெற்றபின் கட்டிய வீட்டில் வசிக்கிறோம். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருபத்திரண்டு ஆண்டுகள் பணிபுரிந்து வருகிறேன். சங்க உறுப்பினர்களுக்கும் அவர்கள் அழைத்து வருபவர்களுக்கும் மனு எழுதிக் கொடுப்பது என் வழக்கம். முதியோர் உதவித்தொகை, மழையில் தறிக்கூடம் இடிந்தது, குடும்ப அட்டையில் பெயர் விடுபட்டது என்று நான் எழுதிய மனுக்கள் தங்கள் அலுவலகத்துக்கு ஏராளமாக வந்திருக்கும். என் சொந்தப் பெயரில் இதுவரை ஒன்றே ஒன்றுதான் எழுதியிருக்கிறேன். அதைப் பற்றியும் கீழே சொல்ல வேண்டியிருக்கிறது.

2. பார்வையில் கண்ட மனுவில், “அடையாளம் தெரியாத பெண் பயணி ஒருவரின் தூண்டுதலால் நடத்துநர் என் மகனை இறக்கிவிட நேர்ந்தது” என்று ஒரு வரி உள்ளது. அந்தப் பெண் பயணி நான்தான். அந்த மனுவை எழுதிக் கொடுத்த கையும் என் கைதான். இரண்டும் எப்படி ஒருவராலேயே நடந்தது என்பதை மறைக்காமல் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. மாணவர் தனுஷுக்கு வயது பத்தொன்பது. நகரத்திலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். எங்கள் நிறுத்தத்துக்கு மூன்று நிறுத்தம் முன்னால் உள்ள காலனியில் வீடு. தந்தை இளங்கோவன் சென்னையில் கட்டடங்களுக்கு வர்ணம் பூசும் வேலை செய்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். தாய் சுகாசினி பட்டுச்சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்து, ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். இவற்றில் ஒன்றும் அன்று எனக்குத் தெரியாது. அந்தப் பையன் காலனி நிறுத்தத்தில் ஏறுபவன் என்பது மட்டும் தெரியும். தினமும் அதே வண்டியில் போகிறவள் என்பதால், உடன் வருபவர்கள் பேச்சிலிருந்து அதைத் தெரிந்து வைத்திருந்தேன்.

4. ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு ஐம்பது வண்டி. கூட்டம் அதிகம். முதல்நாள் விரதம் இருந்ததால் எனக்குக் கால் துவண்டது. ஆனால் அதைக் காரணமாகச் சொல்ல நான் வரவில்லை. தனுஷ் சன்னலோரம் நீலச் சீருடையில் உட்கார்ந்து, மடியில் ஒரு நோட்டை விரித்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ‘தம்பி, கொஞ்சம் இடம் கொடு’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எழுந்திருப்பார். நான் கேட்கவில்லை. பின்வாசல் பக்கம் நின்ற நடத்துநரைப் பார்த்து, வண்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: “ஓசியில வர்றவா எல்லாம் ஜம்முனு உக்காந்துண்டு வரணும், நாமெல்லாம் நிக்கணுமாப்பா?”

5. அந்தச் சொல்லை நான் அன்று முதல் தடவையாகச் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். வீட்டில், அலுவலகத்தில், கோயில் பிராகாரத்தில் பலரும் சொல்லக் கேட்டு, நானும் சிரித்துக்கொண்டே பலமுறை சொல்லியிருக்கிறேன். இவ்வளவு அருகில் ஒரு முகத்துக்கு நேராகச் சொன்னது மட்டுமே முதல் தடவை. அந்த இருக்கையில் எங்கள் மாட வீதிப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தால், ‘சித்த நகர்ந்துக்கோடா குழந்தே’ என்றுதான் சொல்லியிருப்பேன். இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு முறை அடித்தேன். மூன்றாம் முறை அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

6. தனுஷ் உடனே எழுந்துவிட்டார். “உக்காருங்கம்மா, நான் பாக்கல” என்றார். நான் உட்கார்ந்தேன். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். அவர் முகம் கோணாமல் எழுந்து இடம் கொடுத்தது எனக்கு ஏனோ போதவில்லை. நடத்துநரிடம், “பாஸ் இருக்கான்னு பார்த்தேளா? எல்லாம் சும்மாவே ஏறிண்டு வரதுகள்” என்றேன்.

7. நடத்துநர் பரமசிவம் அந்த வழித்தடத்தில் பல ஆண்டுகளாக வருபவர். மாணவர்களிடம் கெடுபிடி செய்பவர் அல்லர். ஆனால் என்னைக் கண்டால் அவருக்குப் பயம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வண்டி அடிக்கடித் தாமதமாக வருவதாக என் பெயரில் பணிமனைக்கு ஒரு புகார் எழுதினேன். முதல் பத்தியில் குறிப்பிட்டது அதுதான். அதற்காக அவர் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டி வந்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டு, என் எழுத்துக்கு மதிப்பு இருக்கிறதென்று மகிழ்ந்தேன். அன்று அவர் தயங்குவதைப் பார்த்ததும் அதையே எடுத்தேன். “நீங்க கேக்கலேன்னா நான் எழுதிப் போடுவேன்” என்றேன்.

8. அவர் கேட்டார். தனுஷ் சட்டைப் பையிலிருந்து சென்ற ஆண்டுப் பயண அட்டையை எடுத்துக் காட்டினார். “புதுப் பாஸ் இன்னும் வர்லண்ணா. ஐடி கார்ட பாஸுக்குன்னு ஆபீஸ்ல வாங்கி வச்சிக்கினு இருக்காங்க. யூனிபார்ம் போட்டுக்கினு போனாலே போதும்னு சொன்னாங்க” என்றார். புதிய அட்டை வழங்கும்வரை சீருடையோ பழைய அட்டையோ போதும் என்று அறிவிப்பு வந்ததை நானும் செய்தித்தாளில் படித்திருந்தேன். சங்கத்தில் இரண்டு உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு நானே அதைச் சொல்லியுமிருக்கிறேன். தெரிந்தே, “பழைய பாஸுன்னா பாஸ் இல்லேன்னுதானே அர்த்தம்” என்றேன். நடத்துநர் டிக்கெட் வாங்கச் சொன்னார். பையனிடம் காசில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த பூ விற்கும் பெண் ஒருவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து, தான் கொடுப்பதாகச் சொன்னார். நான் அவரையும் விடவில்லை. ‘இப்படிக் கொடுத்துத்தான் இவர்களைப் பழக்கிவிடுகிறீர்கள்’ என்ற பொருளில் ஏதோ சொன்னேன். தனுஷ் அந்தப் பெண்ணிடம், “வேணாம்க்கா” என்றார்.

9. பாலத்தின் தென்முனையில் வண்டி நின்றது. தனுஷ் இறங்கினார். இறங்கியபின் படிக்கட்டில் நின்ற நடத்துநரை நிமிர்ந்து பார்த்து, “நீ இன்னாண்ணா பண்ணுவ, பரவால்ல” என்றார். என்னைப் பார்க்கவில்லை. வண்டி கிளம்பியபோது அவர் பாலத்தின் மேல் ஓடத் தொடங்கியிருந்தார். மற்றவர்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அதை நான் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டேன்.

10. ஐயா, அந்த நேரத்தில் என் கையில் இருந்தது மகளிருக்கான கட்டணமில்லாப் பயணச் சீட்டு. நான்கு ஆண்டுகளாகக் காலையும் மாலையும் நான் ஒரு காசும் கொடுக்காமல்தான் அந்த வண்டியில் போய் வருகிறேன். என் சம்பளத்துக்கு நான் கொடுக்க முடியாதவள் அல்லள். அன்று அந்த வண்டியில் கட்டணமின்றி வந்தவர்களில், கொடுக்க வசதி இருந்தும் கொடுக்காதவள் நான்தான். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் இந்தச் சம்பவத்தைச் சக ஊழியர்களிடம் என் சாமர்த்தியம் போலச் சொன்னேன். உடன் பணிபுரியும் திரு. மாணிக்கவாசகம் மட்டும் சிரிக்கவில்லை. “உங்களுக்கும் அது ஃப்ரீ பஸ்தானம்மா” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அவர் மீது எனக்கு அன்று மாலைவரை கோபம் இருந்தது.

11. ஃபிட்டர் படிக்கும் அந்த மாணவருக்கு நேர்ந்ததைப் பின்னர்தான் அறிந்தேன். ஒரகடம் பக்கம் உள்ள உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்று, அன்று அவரது பயிற்சி நிலையத்துக்கே வந்து தொழிற்பழகுநர் தேர்வு நடத்தியது. எட்டரை மணிக்குக் கூடத்தில் இருக்க வேண்டும். எங்கள் வண்டி எட்டேகாலுக்கு ஊருக்குள் போய்விடும். அடுத்த வண்டி ஒன்பதுக்கு மேல்தான். தனுஷ் பாலத்தை ஓடிக் கடந்து, ஓரிக்கைவரை ஓடி, அங்கிருந்து ஒரு பால்வண்டிக்காரரின் பின்னால் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தபோது எட்டு ஐம்பத்தைந்து. வினாத்தாள் கொடுத்தாகிவிட்டதென்று தொழிற்சாலைக்காரர்கள் உள்ளே விடவில்லை. அந்தப் பிரிவில் ஆசிரியர் பரிந்துரைத்த முதல் பெயர் இவருடையதாம். அவர் மடியில் வைத்துப் படித்தது அந்தத் தேர்வுக்காகத்தான்.

12. வண்டியில் இருந்த வேறொரு மாணவர் செய்தியைப் பயிற்சி நிலையத்தில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து பணிமனைக்குப் புகார் போய், 14ஆம் தேதி பரமசிவம் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். வேறொரு நடத்துநர் வந்தார். பரமசிவம் விடுப்பில் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

13. 16ஆம் தேதி, சனிக்கிழமை, சுகாசினி சங்க அலுவலகத்துக்கு வந்தார். அவரிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் உறுப்பினர் ஒருவர், ‘அங்கே ஓர் அம்மா நன்றாக மனு எழுதுவார்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். என் எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். பாலம், ஏழு ஐம்பது வண்டி, பழைய பாஸ் என்று அவர் சொல்லச் சொல்ல, யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. மின்விசிறியை வேகமாக வைக்கச் சொன்னேன். அவர் கோபமாக வரவில்லை. நடத்துநரைத் தண்டிக்கச் சொல்லவும் வரவில்லை. அவர் சொன்னது இது: “கண்டக்டர் மேல தப்பு இல்லன்னு என் புள்ள சொல்றாம்மா. அவர வேலைக்கி எடுத்துக்கச் சொல்லி எழுதுங்க. எம் புள்ளைக்கி இன்னொரு தபா பரிச்சை வெக்கச் சொல்லி எழுதுங்க. யாரோ ஒரு அம்மா ஏத்தி உட்டுச்சாம். அது யாருன்னு தெரியல, அத உட்டுடுங்க.”

14. நான் எழுதினேன். அந்த அம்மா நான்தான் என்று சொல்ல அரைமணி நேரம் இருந்தது. மாணிக்கவாசகம் பக்கத்து மேசையில் இருந்தார். நான் வாய் திறக்கவில்லை. “அடையாளம் தெரியாத பெண் பயணி” என்ற தொடரைச் சுகாசினி சொல்லவில்லை. நானே தேர்ந்து எழுதினேன். நல்ல மனுவாகத்தான் எழுதினேன். இவ்வளவு கவனமாக நான் எந்த மனுவும் எழுதியதில்லை. வாசித்துக் காட்டியபோது அவர் கண் துடைத்துக்கொண்டார். போகும்போது என் சேலையில் ஃபால்ஸ் ஓரிடத்தில் பிரிந்து தொங்குவதைக் கண்டு, பையிலிருந்து ஊசி நூல் எடுத்து, குனிந்து உட்கார்ந்து தைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். என் காலடியில் அவர் தைத்து முடிக்கும்வரை நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

15. மூன்று நாள் கழித்து, மனுவை விசாரிக்கும் பணிமனை அலுவலர் ஒருவர் சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசினார். மனு எழுதியவர் என்ற முறையில், அந்தப் பெண் பயணி யாரென்று ஏதாவது தெரியுமா என்று கேட்டார். நடத்துநரைக் கேட்டால், தினமும் ஏறுகிற நூறு பேரில் யாரென்று தெரியவில்லை என எழுதிக் கொடுத்துவிட்டாராம். என் பெயர், வேலை, வீடு அனைத்தும் பரமசிவத்துக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று நானும் சொல்லிவிட்டு வைத்தேன். அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் நேராகத் திருப்பருத்திக்குன்றத்தில் உள்ள அவர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, மகளிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். என் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “உங்க பேர எழுதி இன்னாம்மா ஆவப் போவுது? பெல் அடிச்சது நான்தான. அந்தப் பையன எனக்கு ரெண்டு வருசமா தெரியும். தெரிஞ்சே எறக்கி உட்டேன்” என்றார். என்னை அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நான் எழுதிப் போடுவேன் என்று மிரட்டியதைக்கூட அவர் விசாரணையில் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று சொல்லி அனுப்பினார்.

16. 22ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலனிக்குப் போனேன். ஆறு ஆண்டுகளாக மூன்றே நிறுத்தம் தள்ளி வசித்தும், அங்கே நான் இறங்கியது அன்றுதான். சுகாசினி என்னைக் கண்டதும், மனுவுக்குப் பதில் வந்துவிட்டதென்று எண்ணி எழுந்து வந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அவர் மறுபடி தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். பாதியில் இருந்த ரவிக்கைக் கையைத் தைத்து முடித்தார். அதன்பிறகு, “பஸ்ல சொன்னது கூடப் பரவால்லம்மா. நீங்க மனு எழுதச் சொல்ல உங்க எதிர்ல தான ஒக்காந்துக்கினு இருந்தேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல” என்றார்.

17. தனுஷ் ஆறு மணிக்கு மேல் மிதிவண்டியில் வந்தார். தந்தையின் பழைய மிதிவண்டி. 12ஆம் தேதிக்குப் பிறகு அவர் பேருந்தில் ஏறுவதில்லை. பாலத்தின் மேல் மணல் லாரிகளுக்கு நடுவே போக வர இருபது கிலோமீட்டர் மிதிக்கிறார். புதிய பயண அட்டை 20ஆம் தேதி வந்துவிட்டது. வாங்கிக்கொள்ளவில்லை என்று தாய் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். “சரிங்கம்மா” என்றார். மிதிவண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். அந்தப் பதிலில் கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஏன் அட்டையை வாங்கவில்லை என்று கேட்கும் தகுதி எனக்கில்லாததால் கேட்கவில்லை. அந்த அட்டை யாரோ அவருக்குப் போடும் பிச்சை என்று நான் ஒரு நிமிடத்தில் அவரை நம்பவைத்துவிட்டேன். அது படிப்பவருக்கு உரியது என்று திரும்ப நம்பவைக்க எனக்கு வழி தெரியவில்லை.

18. ஆகையால் தங்களிடம் நான் வேண்டுவன:

(அ) பார்வையில் கண்ட மனுவில் “அடையாளம் தெரியாத பெண் பயணி” என்றிருப்பதை நீக்கி, என் பெயரையும் முகவரியையும் சேர்க்க வேண்டும். விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் வருவேன்.

(ஆ) நடத்துநர் திரு. பரமசிவம் என் மிரட்டலுக்குப் பயந்தே அவ்வாறு நடந்துகொண்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய புகாரையும் இத்துடன் திரும்பப் பெறுகிறேன். பாலத்தில் வேலை நடந்த மாதம் அது. வண்டி தாமதமானதற்கு அவர் காரணமல்லர் என்பது அப்போதே எனக்குத் தெரியும். அவரைப் பணியில் சேர்த்துக்கொள்ளப் பணிமனைக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

(இ) பயிற்சி நிலைய ஆசிரியரை நான் நேரில் கண்டு பேசினேன். தொழிற்சாலை நிர்வாகம் இம்மாதம் 29ஆம் தேதி வேறொரு பயிற்சி நிலையத்தில் இதே தேர்வை நடத்த இருக்கிறது என்றும், மாவட்ட நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தால் தனுஷையும் எழுத அனுமதிப்பார்கள் என்றும் அவர் தெரிவித்தார். இன்று 25ஆம் தேதி. இம்மனுவில் நான் கேட்கும் மற்ற யாவும் தாமதமானாலும், இந்தக் கடிதம் மட்டும் தாமதமாகாமல் பார்த்துக்கொள்ளும்படி இரு கை கூப்பிக் கேட்கிறேன்.

(ஈ) புதிய அட்டை கிடைக்கும்வரை மாணவர்கள் சீருடையிலோ பழைய அட்டையிலோ பயணிக்கலாம் என்ற அறிவிப்பை, எங்கள் வழித்தட வண்டிகளில் பயணிகள் கண்ணில் படும்படி ஒட்டவேண்டும். நடத்துநர்களுக்கு அது தெரியும். என்னைப் போன்றவர்கள் கண்ணெதிரே அது இருக்கவேண்டும்.

19. இம்மனுவைத் தங்களிடம் அளிக்குமுன் நேற்று ஞாயிற்றுக்கிழமை காலனிக்குக் கொண்டுபோய், சுகாசினியிடம் வாசித்துக் காட்டினேன். தனுஷ் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாம் பத்தி வந்ததும் நிறுத்திவிட்டேன். சுகாசினி தாளை வாங்கித் தானே வாசித்துக்கொண்டார். முடித்தபின் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். நான் மூன்று இடங்களில் ‘ஏழை மாணவன்’ என்று எழுதியிருந்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக எல்லா மனுக்களிலும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். அதிகாரிகள் மனம் இரங்குவார்கள் என்று. சுகாசினி, “ஏழைன்னு போடாதீங்கம்மா. பிட்டர் படிக்கிறான்னு போடுங்க” என்றார்.

அவ்வாறே மூன்று இடங்களிலும் திருத்தி, புதிதாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன்.

தங்கள் உத்தரவுக்காக, தலைகுனிந்து காத்திருக்கும்,

(ஒப்பம்)
ச. மரகதவல்லி

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 25.08.2025

நகல்: பணிமனை மேலாளர் அவர்களுக்கு, தகவலுக்காகவும் விசாரணைக் கோப்பில் சேர்ப்பதற்காகவும்.